இடது காலுக்கு வேலை

1

எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. சிவப்பு நிறம், இரண்டு கதவு, இரண்டே இருக்கை. வெயில் அடித்தால் கூரையை மடித்துப் பின்னால் வைத்துவிடலாம். கார் என்னுடைய பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தனியாக ஓட எனக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, அதைச் சுற்றிக்கொண்டு நடந்துபோய், பஸ் ஏறி, பஸ் ஓடுகிற வேலைக்குப் போகிறேன். தெருவில் காண்கிற தமிழ்ச் சனம் எல்லாம் ஏன் அக்கா கார் சும்மா நிற்கிறது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொல்லி எனக்கு அலுத்துப்போயிற்று. அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கடலுக்கு நடுவால் போகிற புங்குடுதீவுத் தாம்போதியில் அண்ணைக்கு அந்த நோய் வந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். எழுத அதுவும் ஒரு சாட்டு.

நான் புங்குடுதீவு மடத்துவெளியில் பிறந்தவள். வயது ஐம்பத்தெட்டு. லண்டனில் பஸ் ஓடத் தொடங்கி இருபத்திரண்டு வருடம். தோள் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் என்று உடம்பு முறை வைத்து நோகிறது. கணவர் காலமாகி ஆறு வருடம். ஒரே மகள் தர்சனா வேறு நகரத்தில் வேலை பார்க்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். வந்தால் கைபேசியோடு இருப்பாள், நான் சமைப்பேன், சாப்பிட்டுவிட்டுப் போவாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை பிடிக்கிற அளவுக்கு எங்களுக்குள் பேச்சு இல்லை என்பதுதான் உண்மை.

இந்த வயதில் ஒரு பொம்பிளைக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. இங்கேயும் அதைத்தான் கேட்கிறார்கள். பஸ்ஸில் என் இருக்கை உயரமானது. ஒருநாள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, பக்கத்தில் இப்படி ஒரு கார் வந்து நின்றது. கூரை இல்லை. உள்ளே என் வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரி, நரைத்த தலை, தனியாக இருந்தாள். அவளுடைய இருக்கைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. எனக்குப் பின்னால் அந்த நேரம் முழு பஸ்ஸும் இருந்தது. ஒருவர் ஏன் எடுக்கிறாய் இல்லை என்று கத்தினார், ஒரு குழந்தை அழுதது, யாரோ மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். எனக்குப் பின்னால் ஆளே இல்லாத ஒரு வாகனம் வேண்டும் என்று அன்று ஆசைப்பட்டேன். இவ்வளவுதான் விஷயம்.

2

பழைய கார் விற்கிற ஒரு இடத்துக்குச் சனிக்கிழமை போனேன். விற்கிற மனிதரிடம், வீட்டிலிருந்தே தயாராக்கிக்கொண்டு போன ஆங்கிலத்தில், எனக்குக் கியர் கார் வேண்டும் என்றேன். ஊரில் கியர் கார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். காலால் கிளச்சை மிதித்து, கையால் கியர் மாற்றுகிற கார். அவர் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு, எல்லாக் காருக்கும் கியர் இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும், வாயைத் திறந்தால் ஊர்தான் முதலில் வருகிறது.

அவரிடம் ஒரே மாதிரி இரண்டு கார் நின்றன. ஒரே சிவப்பு. ஒன்று தானே கியர் மாற்றும், அதை இங்கே எங்கள் பிள்ளைகள் ஓட்டோ என்பார்கள். மற்றது நாங்கள் மாற்றவேண்டும். ஓட்டோதான் வேகம், நெரிசலில் கால் நோகாது என்றார். கியர் கார் கொஞ்சம் பிந்தும், ஆனால் ஓடுவதில் ஆசை உள்ளவர்கள் அதைத்தான் தேடி வருகிறார்கள், புதிதாக வருவதும் குறைந்துவிட்டது என்றார். எதை எடுப்பது என்று புருசனும் பெண்சாதியும் இதே இடத்தில் சண்டை பிடித்து, ஒன்றையும் வாங்காமல் போனதையும் சொன்னார். எனக்குச் சண்டை பிடிக்க ஆள் இல்லை. இரண்டிலும் ஏறி இருந்து பார்த்தேன். கியர் காரின் கியர்க் குமிழ் உள்ளங்கைக்கு அளவாக இருந்தது. முன்பு வைத்திருந்தவர் பிடித்துப் பிடித்து, அதில் இருந்த எண்கள் எல்லாம் தேய்ந்துபோயிருந்தன.

ஓடிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் என் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். அங்கே 78 என்று ஒரு சின்ன எண் இருக்கிறது. இவர் ஓட்டோ மட்டும்தான் ஓடலாம் என்று அதற்கு அர்த்தம். நான் பஸ் ஓடுகிறவள் என்று சொன்னேன். பஸ் ஓடலாம், இதை ஓட முடியாது என்றார். லண்டனில் நாங்கள் ஓடுகிற பஸ் எல்லாம் ஓட்டோதான்.

அந்த 78 வந்த கதையையும் சொல்லவேண்டும். இந்த நாட்டுக்கு வந்து நான் முதலில் பழகப் போனது கியர் காரில்தான். ஆறு பாடம் எடுத்தேன். ஏழாவது பாடத்தில் ஆசிரியர் ஒரு ஏற்றத்தில் நிறுத்தி, இனி எடு என்றார். எங்கள் தீவில் ஏற்றம் எங்கே இருக்கிறது? தாம்போதியில் ஏறுகிற இடத்தில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். கார் பின்னால் உருண்டது. பின்னுக்கு நின்ற வண்டிக்காரர் இறங்கி வந்து சொன்ன வார்த்தைகளுக்கு எனக்கு அப்போது அர்த்தம் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. கணவர், ஓட்டோவில் பழகிக் கெதியாக முடி, வேலைக்குப் போகவேண்டும் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. வாடகை வீடு, கைக்குழந்தை. ஓட்டோவில் முதல் தடவையே பாஸ் பண்ணினேன். என் இடது கால் முப்பத்துமூன்று வயதில் ஓய்வு பெற்றுவிட்டது.

தர்சனாவும் ஓட்டோதான் ஓடுவாள். இனி எல்லாம் மின்சாரக் கார், அதில் கிளச்சே இல்லை, ஏன் கிழட்டு வேலை பார்க்கிறீர்கள் என்று முதலில் ஆங்கிலத்தில் கேட்டாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, ஓட்டோ எடுங்கோ. எடுத்தால் நானும் வந்து ஓடுவன். ரெண்டு பேரும் கடலுக்குப் போவம்."

அவள் தொடர்ந்து மூன்று வசனம் தமிழில் பேசி நெடுநாள். அதிலும் ரெண்டு பேரும் என்று சொன்னது என் காதில் நின்றது. கியர் காரை எடுத்தால் அவளாலும் அதைத் தொட முடியாது. ஓட்டோவை எடுத்தால் மகள் வருவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டேன். ஆனாலும் விற்கிறவரிடம் இரண்டு கிழமை தவணை வாங்கிக்கொண்டு வந்தேன்.

3

அப்பா தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். இனக்கலவரத்தோடு கடை போயிற்று. மிஞ்சி வந்தது ஒரு மொறிஸ் மைனர் கார் மட்டும். அதை வாடகைக்கு, ஹையருக்கு விட்டுத்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தது. என்னிலும் ஐந்து வயது மூத்த அண்ணைக்கு அப்பா கார் ஓடப் பழக்கினார். எனக்குப் பழக்கவில்லை. பழக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

ஆனால் அண்ணை குறிகட்டுவான் படகுத் துறையில் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் காரோடு திரும்பும்போது, சில நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு போய் வருவார். நான் இடது பக்கம் இருப்பேன். ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார். கியரை மட்டும் என்னிடம் தந்தார். அவர் கிளச்சை மிதித்ததும் "ம்" என்பார். நான் கியரை மாற்றுவேன். எந்த கியர் என்று சொல்லமாட்டார், இஞ்சின் சத்தத்தில் எனக்கு விளங்கும். பிழையாகப் போட்டால் கார் பல்லைக் கடிக்கும். அவர் ஏசமாட்டார், திரும்பவும் "ம்" என்பார். பிறகு யுத்தத்தில் தீவை விட்டு எல்லோரும் ஓடவேண்டி வந்தது. கார் வளவிலேயே நின்றது. திரும்பிப் போனபோது அது அங்கே இல்லை.

போன வருடம் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அண்ணை அப்போது ஒரு சின்ன நீல வான் வைத்து ஹையர் ஓடிக்கொண்டிருந்தார். நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுப் படகில் வந்து இறங்கினேன். சாட்டிக் கடற்கரைக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு வருவோம் என்று அண்ணை வானை வேலணைப் பக்கம் விட்டார். நல்ல மத்தியானம். தாம்போதியின் நடுவில் வான் இரண்டு தரம் குலுங்கி நின்றது. வானில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

"கால் சொல்லுக் கேக்குதில்லை, பிள்ளை" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இடது கை மடியில் விழுந்து கிடந்தது. ஆம்புலன்சுக்கு அடித்தேன், வருகிறோம், கொஞ்ச நேரம் எடுக்கும் என்றார்கள். இரண்டு பக்கமும் கடல். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு வாகனம் இல்லை. லண்டனில் இரண்டு தட்டு பஸ்ஸை வளைத்து ஓடுகிற நான், ஒரு சின்ன வானுக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அண்ணைதான் சொன்னார், வார்த்தை குழறினாலும் தெளிவாகத்தான் சொன்னார்.

"நீ ஓடு."

"எனக்குக் கியர் ஏலாது, அண்ணை."

"கியர் நான் போடுறன். நீ காலை மட்டும் பார்."

அவரைத் தாங்கிக்கொண்டு வானைச் சுற்றிப் போய் இடது பக்கத்தில் இருத்தினேன். அங்கே இருந்தால் அவருடைய வலது கைக்குக் கிட்டத்தான் கியர். அந்தக் கை நன்றாக இருந்தது. இரண்டு தரம் இஞ்சினை நிற்பாட்டிப்போட்டேன். மூன்றாம் தரம் கிளச்சை அடிமட்டும் மிதித்தேன், என் வாயிலிருந்து தானாக "ம்" என்று வந்தது. அவர் கியரைப் போட்டார். வான் ஊர்ந்தது. இன்னொரு "ம்", அடுத்த கியர். வாய் கோணியிருந்தது, கை கோணவில்லை. வேலணை ஆஸ்பத்திரி வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒருமுறை மாடுகள் குறுக்கே வந்தன. நின்று திரும்ப எடுக்கவேண்டி வந்தது. அப்போதும் "ம்" தான். என் காலும் அவர் கையும் சேர்ந்து ஒரு ட்ரைவர்.

அங்கேயிருந்து ஆம்புலன்சில் அல்லைப்பிட்டி கடந்து யாழ்ப்பாணம் கொண்டுபோனார்கள். நேரத்தோடு கொண்டுவந்தபடியால் தப்பினார் என்றார் வைத்தியர். பேச்சு ஓரளவுக்குத் திரும்பி வந்தது. இடது கை பாதி வந்தது. இடது கால் வரவில்லை, இழுத்துத்தான் நடக்கிறார். வான் பூவரசுக்குக் கீழே படங்கு மூடி நிற்கிறது. விற்கச் சொன்னால் கோபம் வரும். வெள்ளிக்கிழமைகளில் அவருடைய பெண்சாதி, என் மச்சாளைக் கொண்டு இஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவித்துப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து கேட்பாராம்.

ஏன் கியர் காரைப் பார்த்ததும் நடந்துபோய்விட முடியவில்லை என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

4

தவணை முடிய ஒரு கிழமை இருக்கும்போது, வேலை இடைவேளையில் அண்ணைக்கு எடுத்தேன். கார் வாங்கப்போகும் கதையை அவருக்கு முன்பு சொல்லியிருக்கவில்லை, வெட்கமாக இருந்தது. லைன் விட்டுவிட்டுத்தான் கேட்டது. "தர்சனா என்னை ஓட்டோ எடுக்கச் சொல்லுறாள், அண்ணை. எனக்கு மனம் இல்லை. என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை" என்றேன். அதற்குள் பஸ் எடுக்கிற நேரம் வந்துவிட்டது. பிறகு விளக்கமாகச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்தக் கிழமை ஆள் குறைவு, மேலதிக வேலை. வீட்டுக்கு வந்தால் படுக்கையைத் தவிர வேறு ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. நான்கு நாள் அவருக்கு எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவரே எடுத்தார். நயினை அம்மனுக்கு என் பெயரில் அர்ச்சனை செய்வித்தாயிற்று என்று தொடங்கினார். எதற்கு என்று கேட்டேன். வேலை போனதை ஏன் எனக்கு மறைத்தாய் என்றார். எந்த வேலை என்றேன்.

"வானைக் கேட்டு ஒருத்தர் வந்தவர். குடுத்துப்போட்டு உனக்கு அனுப்புறன். நீ அங்கை ஓட்டோ ஓடவேண்டாம், பிள்ளை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரில் ஓட்டோ என்றால் மூன்று சில்லு வண்டி. பஸ் வேலை பறிபோய், நான் லண்டன் தெருவில் ஓட்டோவுக்கு ஆள் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். லண்டனில் ஓட்டோ ஓடுகிறதா என்று யாரையும் கேட்டுப் பார்க்கவும் இல்லை. மகளே தாயை அந்த வேலைக்குப் போகச் சொல்கிறாள் என்ற மனவருத்தம் வேறு. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. எவர் கேட்டும் கொடுக்காத வானை, எனக்காகக் கொடுக்கத் துணிந்திருக்கிறார். இந்த நாட்டில் என் களைப்பைக் கண்டு யாரும் எதையும் விற்கத் துணிந்ததில்லை.

முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் அவரும் சிரித்தார், ஒரு பக்கச் சிரிப்பு. கிளச் இல்லாத கார் எப்படி இருக்கும் என்று நுணுக்கமாகக் கேட்டார். அவர் அப்படி ஒன்றை ஒருநாளும் ஓடியதில்லை.

"அப்ப இடது கால் என்ன செய்யும்?"

"சும்மா இருக்கும், அண்ணை."

"என்ரையும் அப்பிடித்தான் இருக்கு" என்றார். பிறகு மச்சாள் சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டார். வைக்க முதல், வானைக் கொடுக்கமாட்டேன் என்று மூன்று தரம் சொல்ல வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை போய்க் கியர் காருக்குக் கையெழுத்து வைத்தேன். விற்கிறவர், உங்களால் இதை ஓட முடியாதே என்று நினைவுபடுத்தினார். தெரியும் என்றேன். அவர்களுடைய ஆளே கொண்டுவந்து வாசலில் விட்டார்.

தர்சனாவுக்குச் சொன்னேன். உங்கட விருப்பம் அம்மா என்று ஒரு செய்தி அனுப்பினாள். அந்த மாதம் வேலை இருக்கிறது என்று வரவில்லை. அண்ணையின் ஓடாத காலுக்காக மகளின் காலையும் வாசலுக்கு வராமல் செய்துவிட்டேனோ என்று பல நாள் யோசித்தேன். அந்த யோசனை இன்னும் முழுக்கத் தீரவில்லை.

5

கியர் அனுமதி எடுக்கத் திரும்பச் சோதனைக்குப் போகவேண்டும். இணையத்தில் படிவம் நிரப்பினேன். வாகன ஓட்டத்தில் உங்களுக்கு அனுபவம் உண்டா என்று பழக்குகிறவர்களின் படிவத்தில் ஒரு கேள்வி. உண்டு என்று போட்டேன். தொழில் என்ன என்று அடுத்த கேள்வி. பஸ் சாரதி என்று எழுதிவிட்டு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். பழக்குகிறவரும் அடுத்த மாதம்தான் வருவார்.

வேலணைக்காரர் ஒருவர் இங்கே கடைகளுக்குச் சாமான் போடுகிற கிடங்கு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையில் அவருடைய முற்றம் வெறுமையாகக் கிடக்கும், கேட்டைப் பூட்டிவிட்டால் தெரு இல்லை, சட்டமும் இல்லை. என் கதையைக் கேட்டுவிட்டு, தானே காரைக் கொண்டுவந்து அங்கே விடுகிறேன் அக்கா என்றார். போன ஞாயிறு தர்சனா வந்திருந்தாள். துணைக்கு வா என்றேன். வேறு வேலை இருக்கிறது என்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன், வந்தாள். அரிசி மூட்டையும் கருவாடும் மணக்கிற முற்றத்தில், அவள் இடது பக்கம் ஏறி இருந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டார்ட் பண்ணினேன். முதல் கியரைக் குனிந்து பார்த்து நானே போட்டேன். கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. திரும்பப் போட்டேன். இந்த முறை ஓடியது. முற்றத்தின் பாதியில் இஞ்சின் கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், அடுத்த கியர் கேட்கிறது. இடது காலைத் தூக்கிக் கிளச்சை அடிமட்டும் மிதித்தேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"ம்" என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கார் சத்தம் அடங்கி, சும்மா உருண்டு, மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. நான் கிளச்சை விடாமல் காத்துக்கொண்டிருந்தேன். யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று விளங்கியபோது கண் கலங்கிவிட்டது.

"என்னம்மா?" என்றாள் தர்சனா.

ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். எத்தனையோ வருடமாக அவளுக்கு அதைத்தான் சொல்லிவந்திருக்கிறேன்.

"ரெண்டைப் போடு, பிள்ளை" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். குனிந்து கிளச்சில் இருந்த என் காலைப் பார்த்தாள். கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, வலது கையை நீட்டி அந்தத் தேய்ந்த குமிழைப் பிடித்தாள்.

"எது ரெண்டு?" என்று கேட்டாள்.